அந்தரத்தில் நின்ற அரிசி

வாகைநத்தம் பேருந்து நிலையத்துக்கு எதிரே இருக்கும் பரோட்டாக் கடையில் மாஸ்டர் சேர்மக்கனி வீசிய மாவு, விரிந்த வாக்கில் கல்லுக்கு மேலே அந்தரத்தில் நின்றுவிட்டது. அந்த நேரத்தில் கடையில் இருந்த யாரும் மாவைக் கவனிக்கவில்லை, மாஸ்டரின் வாயைத்தான் பார்த்தார்கள். வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போக, வலது கை நனைந்த துணிபோலத் தொங்க, அவர் ஏதோ சொன்னார், அது எந்தப் பாஷையிலும் சேராத சொல்லாக இருந்தது. கல்லில் கிடந்த பரோட்டா ஒரு பக்கம் சிவப்பதற்குள் வாய் தன் இடத்துக்கு வந்தது, கை தன் வேலைக்கு வந்தது. என் மூஞ்சியில என்ன படமா ஓடுது என்று எல்லோரையும் பார்த்துக் கேட்டுவிட்டு, மாஸ்டர் அடுத்த உருண்டையை எடுக்கக் குனிந்தார். நிமிரும்போதுதான் தலை மாவில் இடித்தது.

கடைக்காரர் மாவைக் கையால் இழுத்துப் பார்த்தார், கம்பால் தட்டிப் பார்த்தார், அது அசையவும் இல்லை, கிழியவும் இல்லை, காயவும் இல்லை, ஈயும் அதில் உட்காரவில்லை. வியாபார நேரம் என்பதால் கல்லை ஓர் அடி தள்ளிப் போட்டுக்கொண்டு வேலையைத் தொடர்ந்தார்கள். மறுநாள் சுற்றுக் கிராமங்களிலிருந்து ஆட்கள் வந்தார்கள், மாவுக்குக் கீழே உள்ள மேசைதான் வேண்டும் என்று நின்றார்கள், சிலர் சாப்பிட்டுவிட்டுக் கும்பிட்டும் போனார்கள்.

ஊர் அரசு ஆஸ்பத்திரியில் டாக்டர் ஷெர்லி என்பவர் புதன்கிழமைதோறும் இப்படிப்பட்டவர்களுக்கென்று தனியாக ஓ.பி. பார்த்துவந்தார். பக்கவாதம் வந்து, கொஞ்ச நேரத்தில் தானாகவே போய்விட்டால், அது போய்விட்டதாக அர்த்தமில்லை, வீட்டைப் பார்த்துவைத்துக்கொண்டு போயிருக்கிறது, அடுத்த தடவை தங்க வரும், அதற்கு முன்னால் ரத்தக் கொதிப்பையும் சர்க்கரையையும் பார்த்து, கழுத்து ரத்தக் குழாயை ஸ்கேன் எடுத்து, ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை கொடுத்துவிட்டால் பெரும்பாலும் வராமல் தடுக்கலாம் என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தார். சேர்மக்கனிக்கு நடந்தது காதில் விழுந்ததும், புதன் வரைக்கும் காத்திருக்க வேண்டாம், இன்றைக்கே வரச் சொல்லுங்கள் என்று ஆளனுப்பினார். மாஸ்டர் தன் கையை மடக்கி நீட்டி வந்தவரிடமே காட்டினார். நல்லாயிருக்கிற கையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனால் ஊர் சிரிக்கும் என்றார்.

சில நாள் கழித்து ஒரு காலையில் சேர்மக்கனி வீட்டுக் குளியலறையில் விழுந்தார். அதே நொடியில் கடையில் அந்தரத்து மாவு இறங்கிக் கீழே இருந்த மேசையில் படிந்தது. பக்கத்தில் நின்ற உதவி மாஸ்டர் பழக்கதோஷத்தில் அதை எடுத்துக் கல்லில் போட்டு எண்ணெய் விட்டார். மாஸ்டர் போய்விட்டார் என்ற சேதி வந்தபோது பரோட்டா நன்றாக வெந்திருந்தது. அதைச் சாப்பிடவும் முடியவில்லை, தூக்கி எறியவும் துணிவில்லை. கடைசியில் வாழையிலையில் சுற்றி அவரோடேயே வைத்து அனுப்பினார்கள்.

அதற்குப் பிறகு வாகைநத்தத்தில் யாருக்கெல்லாம் அந்த வாதம் வந்து போனதோ, அவர்கள் கையிலிருந்து நழுவியதெல்லாம் நழுவிய இடத்திலேயே நின்றது. கீழத்தெருக் குழாயடியில் பேச்சித்தாயின் குடம் பாதித் தண்ணீரோடு நின்றது. அவள் தெளிந்து வீட்டுக்குப் போய்விட்டாள், குடம் போகவில்லை. அந்தக் குடம் வரிசையில் சேர்த்தியா இல்லையா என்று பெண்களுக்குள் பெரிய சண்டையாகி, சேர்த்திதான், ஆனால் பேச்சித்தாய் நேரில் வந்தால் மட்டும் என்று வார்டு உறுப்பினர் தீர்ப்புச் சொன்னார். தேரடியில் சலூன் வைத்திருக்கும் மாடசாமியின் சவரக்கத்தி, ஒரு வாடிக்கையாளரின் தொண்டைக்கு விரல்கடை தூரத்தில் நின்றது. அந்த ஆள் மூச்சை அடக்கிக்கொண்டு நாற்காலியிலிருந்து வழுகி இறங்கி, சோப்பு நுரையோடு வீடு வரைக்கும் ஓடினார், அதற்குப் பிறகு தாடி வைத்துக்கொண்டார்.

இதற்கு ஊரில் ஒரு பேச்சும் உண்டாகிவிட்டது. அவருக்கு ஒண்ணு நிக்கி என்றால் எல்லோருக்கும் புரிந்தது. பெண் பார்க்க வருகிறவர்கள் காப்பியைக் குடித்துவிட்டு, வீட்டுல எதுவும் நிக்கா என்று விசாரித்தார்கள். நிற்கிற பொருள் இருக்கிற வீட்டில் குழந்தைகளைப் பந்து விளையாட விடவில்லை. பிறகு ஒரு நாள் மகள் ஊருக்குப் போகும் பஸ்ஸில் பேச்சித்தாய் சாய்ந்து விழுந்தாள், இங்கே குழாயடியில் குடம் விழுந்து வரிசையில் நின்றவர்கள் மேலெல்லாம் தண்ணீர் தெறித்தது. அந்த ஈரத்தோடு நின்ற பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பொருள் விழுகிற நேரமும் ஆள் விழுகிற நேரமும் ஒன்று என்பது ஊருக்கு அன்றைக்கு உறுதியாயிற்று.

டாக்டர் ஷெர்லியிடம் பஞ்சாயத்தார் போய்க் கேட்டார்கள். மாவும் குடமும் ஏன் நின்றன என்று எனக்குத் தெரியாது, ஆனால் கை ஏன் நின்றது என்று தெரியும் என்று அவர் சொன்னார். வெளியே வந்த பஞ்சாயத்தார் வேப்பமரத்தடியில் நின்று இதைப் பற்றிப் பேசினார்கள். கண் முன்னால் நின்ற குடத்தையே தெரியாது என்கிறவளுக்கு உடம்புக்குள்ளே ஓடுகிற ரத்தம் எப்படித் தெரியும் என்று ஒருவர் கேட்டார், மற்றவர்களுக்கு அது நியாயமாகப் பட்டது.

வாகைநத்தத்தில் தேர் பெரிது, தெரு சரிவு. மேலரத வீதி முக்கில் திரும்பியதும் தேர் தானாகவே ஓடத் தொடங்கும், அதை நிறுத்த ஆட்கள் ஓடும் சக்கரத்துக்கு முன்னால் முட்டுக்கட்டை போடுவார்கள். ஒரு கணம் முந்தினால் கட்டை சிதறும், ஒரு கணம் பிந்தினால் ஆள் சிதறுவான். தலைமுறை தலைமுறையாகக் கட்டை போட்டுப் பழகிய ஊர் அது. எது வந்தாலும் கீழே ஒன்றைச் செருகினால் நின்றுவிடும் என்பது அவர்கள் கையில் ஊறிய எண்ணம். அந்தக் கட்டைக்காரர்களுக்குத் தலைவன் வெள்ளைப்பாண்டி, தொழில் தச்சு. மாடசாமி அவனுக்குச் சிறு வயதிலிருந்தே கூட்டாளி. குடம் விழுந்த மறுநாளே வெள்ளைப்பாண்டி சலூனுக்குப் போய், கத்தியின் அடியில் கண்ணை வைத்துப் பார்த்து, நூல் பிடித்து அளந்து, அதற்குக் கீழே செங்கல் தூண் கட்டச் செய்து, தூணுக்கும் கத்திக்கும் நடுவில் வாகைக் கட்டையில் ஒரு முட்டுச் செதுக்கி, காகிதம் நுழைய இடமில்லாமல் இறுக்கினான்.

"இம்புட்டுப் பெரிய தேரே நிக்கி. உன் கத்தி நிக்காதால?" என்றான்.

சூடம் காட்டினார்கள். மாடசாமி அன்றோடு டாக்டர் ஷெர்லி கொடுத்திருந்த மாத்திரையை நிறுத்தினான், பீடியை மறுபடி ஆரம்பித்தான். அதற்கப்புறம் ஒவ்வொரு வீடாக வெள்ளைப்பாண்டிக்குச் சொல்லியனுப்பினார்கள். வாத்தியாரின் சாக்பீசுக்கு ஒரு முட்டு, கருவாட்டுக்காரியின் தராசுத் தட்டுக்கு ஒரு முட்டு, கோயில் மேளக்காரரின் தவில் கம்புக்கு ஒரு முட்டு. முட்டு வைத்தவர்கள் நிம்மதியாகத் தூங்கினார்கள். புதன்கிழமை ஓ.பி.யில் டாக்டர் ஷெர்லி காலி பெஞ்சுகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ரத்தக் கொதிப்பு பார்க்கும் கருவியை நர்ஸ் துடைத்துத் துடைத்து வைத்தாள்.

இப்படி இருக்கும்போதுதான் வெள்ளைப்பாண்டியின் மனைவி சங்கரவடிவு அடுக்களையில் ரேஷன் அரிசி புடைத்துக்கொண்டிருக்கையில் அவளுக்கு இடது பக்கம் மரத்துப்போனது. முறம் நழுவியது. முறமும் நின்றது, முறத்திலிருந்து சிதறிய அரிசியும் நின்றது, ஒவ்வொரு மணியும் தனித்தனியாக, குருணையும் உமியும்கூட, அடுக்களையின் நடுவில் ஒரு மழை பாதியில் யோசித்து நின்றதுபோல நின்றது. அவள் சுவரைப் பிடித்தபடி உட்கார்ந்து, கை திரும்ப வந்ததும் எழுந்து, அரிசியைச் சுற்றிக்கொண்டு போய் அடுப்பை அணைத்தாள்.

வெள்ளைப்பாண்டி வந்து பார்த்தான். அன்று தொடங்கி மற்ற வேலையையெல்லாம் ஒதுக்கிவிட்டு அந்த அரிசிக்கு முட்டு வைப்பதே வேலையானான். தேக்குப் பலகைகளை அடுக்கி, ஒவ்வொரு மணியின் உயரத்துக்கும் தக்கபடி மேடும் பள்ளமுமாகச் செதுக்கி, மணிக்கு ஒரு குச்சியாக நட்டு, குச்சியின் நுனியில் பஞ்சை வைத்து, தரையில் படுத்து, உருண்டு, விளக்கைப் பிடித்து, மூச்சை அடக்கி வேலை செய்தான். எதையும் விட்டுவிடக் கூடாது என்று உமிக்குக்கூட முட்டு வைத்தான். பார்த்தவர்கள் இப்படியொரு வேலையை எந்தக் கோயிலிலும் பார்த்ததில்லை என்றார்கள். சமையல் வாசல்பக்கத்துக்கு மாறியது.

சங்கரவடிவு ஒரே ஒரு தடவை கேட்டாள், ஓ.பி.க்கு ஒரு நடை போய்விட்டு வரட்டுமா என்று.

"ஏளா, நீ அங்க போய் உக்காந்தா, நான் முட்டு வச்ச வீட்டுக்காரனெல்லாம் என்னைப் பார்த்து என்ன கேப்பான்?" என்றான் அவன்.

அவன் தன் மேல் பிரியமில்லாமல் பேசவில்லை என்று அவளுக்குத் தெரியும், பஞ்சு வைத்த குச்சிகளே சாட்சி. புதன்கிழமை வாகைநத்தத்தில் சந்தை. அவள் கூடையை எடுத்துக்கொண்டு சந்தைக்குப் போனாள், சந்தையின் பின்வாசல் வழியாக வெளியேறி ஆஸ்பத்திரிக்குப் போனாள். அடுத்த புதனும் போனாள். கத்தரிக்காய் விற்கிறவளுக்குத் தெரியும், பக்கத்து வீட்டு உச்சிமாகாளிக்குத் தெரியும், சந்தையில் பாதிப் பேருக்குத் தெரியும், வெள்ளைப்பாண்டிக்கு மட்டும் தெரியாது.

காலி பெஞ்சுகளுக்கு நடுவே உட்கார்ந்து அவள் டாக்டரிடம் முதல் நாளே கேட்டது, அரிசியைக் கீழே இறக்கிவிட முடியுமா என்றுதான். முடியாது என்றார் டாக்டர். மாத்திரை சாப்பிட்டால் அது விழவே விழாது என்று எழுதித் தர முடியுமா என்று கேட்டாள். அதுவும் முடியாது, விழுகிற வாய்ப்பைக் குறைக்கலாம், நன்றாகவே குறைக்கலாம், அவ்வளவுதான் என்றார். இவ்வளவுதான் முடியும் என்று யாராவது ஒருவர் சொல்லிக் கேட்டு வெகுநாள் ஆகியிருந்ததால், சங்கரவடிவுக்கு அந்தப் பதில் பிடித்துப்போனது. கையை நீட்டினாள். ரத்தக் கொதிப்பு பயப்படும்படி இருந்தது. மாத்திரைகளை முருங்கைக்கீரைக் கட்டுக்குள் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தாள், உப்பைக் குறைத்தாள். குழம்பு சப்பென்று இருக்கிறதே என்று அவன் கேட்டபோது, நாக்குத்தான் உங்களுக்குச் செத்துப்போச்சு என்றாள்.

அந்த வருஷம் ஆனித் தேர் புதன்கிழமையில் வந்தது. ஊரே வீதியில் நின்றது. சந்தை கிடையாது. ஆஸ்பத்திரிக்கு விடுமுறை கிடையாது. வெயில் உச்சிக்கு ஏறும்போது தேர் மேலரத வீதி முக்கைத் திரும்பிச் சரிவில் இறங்கத் தொடங்கியது. மாடசாமி முன் வடத்தில் தோள் கொடுத்திருந்தான். சலூன் கதவு திறந்துதான் இருந்தது, தூணும் முட்டும் கத்தியும் வீதியில் நின்றவர்களுக்கு நன்றாகவே தெரிந்தன. தேர் வேகம் பிடித்தது, கட்டை என்று கத்தினார்கள், வெள்ளைப்பாண்டி சக்கரத்துக்கு முன்னால் பாய்ந்து கட்டையைப் போட்டான், தேர் ஒரு குலுக்கலோடு சலூனுக்கு நேர் எதிரே நின்றது. அவன் வாழ்நாளில் போட்ட கட்டைகளில் அதைவிடச் சுத்தமான கட்டை இல்லை.

அப்போது கத்தி இறங்கியது.

முட்டில் பிளவு விழவில்லை, தூணில் கீறல் விழவில்லை. தண்ணீருக்குள் போவதுபோலக் கத்தி வாகைக் கட்டைக்குள் போனது, செங்கலுக்குள் போனது, தரைக்குள் போனது, சத்தமே இல்லாமல் மண்ணுக்குள் போய்விட்டது. முட்டு மேலே ஒன்றுமில்லாமல், காகிதம் நுழைய இடமில்லாமல் செதுக்கியபடியே அழகாக இருந்தது. வடத்தில் மாடசாமி முழங்கால் மடங்கிச் சரிந்தான். வடம் பிடித்திருந்தவர்கள் ஒவ்வொருவராகக் கையை எடுத்தார்கள். மேளம் எப்போது நின்றது என்று யாருக்கும் தெரியவில்லை. வாத்தியார் தன் வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டு அப்படியே தெருவில் உட்கார்ந்தார், கருவாட்டுக்காரி வாயைப் பொத்திக்கொண்டாள். முட்டு வைத்த வீட்டுக்காரர்கள் எல்லோரும் வெள்ளைப்பாண்டியைப் பார்த்தார்கள். திட்டவில்லை, வெறுமனே பார்த்தார்கள். மாடசாமியை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். தேர் வீதியின் நடுவில் சாமியோடு தனியாக நின்றது.

வெள்ளைப்பாண்டி அடுத்த கட்டையைக் கையில் பிடித்தபடியே வீட்டுக்கு ஓடினான். அடுக்களையில் அரிசி நின்றுகொண்டிருந்தது. சங்கரவடிவு இல்லை. கூப்பிட்டுப் பார்த்தான், கொல்லையில் பார்த்தான், இல்லை. திரும்ப அடுக்களைக்கு வந்தான். அவளைத் தேடிப் போக வேண்டும். ஆனால் போனால் இந்த அரிசியை யார் பார்ப்பது. மணிகள் நிற்கிற வரைக்கும் அவள் எங்கேயோ நிற்கிறாள். அவன் கண்ணை எடுக்கும் கணத்தில் அவை விழுந்துவிட்டால் அவனுக்குத் தெரியாமலே எல்லாம் முடிந்துபோயிருக்கும். இத்தனை நாள் கண் நோகச் செதுக்கிய குச்சிகளைப் பார்த்தான். பஞ்சின் மேல் மணிகள் இருந்தன. பஞ்சு எதையும் தாங்கிக்கொண்டிருக்கவில்லை என்று இப்போது தெரிந்தது, குச்சிகள் வெறுமனே பக்கத்தில் நின்றுகொண்டிருந்தன, கல்யாண வீட்டில் வேலையில்லாத சொந்தக்காரர்களைப்போல. ஒரு குச்சியைப் பிடுங்கினான். மணி அசையவில்லை. அவனுக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது.

அவன் கூப்பிட்ட சத்தம் கேட்டு வந்த உச்சிமாகாளி வாசலில் நின்று அவனைப் பார்த்தாள்.

"அண்ணாச்சி, மதினி ஆஸ்பத்திரியில இருக்கா. புதன்கிழமைல்லா. எல்லாப் புதனும் அங்கதான போறா" என்றாள்.

வெள்ளைப்பாண்டி அவள் சொன்னதைத் திரும்பக் கேட்கவில்லை. வெயிலில், ஆளில்லாத தெருக்கள் வழியாக, கட்டை கையிலிருப்பதையும் மறந்து ஓடினான். டாக்டர் ஷெர்லி மாடசாமியை ஆம்புலன்சில் ஏற்றிப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டு, முகம் கழுவிக்கொண்டு அப்போதுதான் ஓ.பி. அறைக்குத் திரும்பியிருந்தார். அவருக்கு எதிரே ஸ்டூலில் சங்கரவடிவு உட்கார்ந்திருந்தாள், கையில் ரத்தக் கொதிப்புப் பட்டை சுற்றியிருந்தது. கதவில் வந்து நின்ற புருஷனைப் பார்த்ததும் அவள் பட்டையை மறைக்கப் போனாள், பிறகு மறைக்காமல் விட்டுவிட்டாள்.

அவன் உயிரோடு உட்கார்ந்திருக்கிற அவளைப் பார்த்தான். ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். வந்த சொல் எந்தப் பாஷையிலும் சேரவில்லை. வாய் ஒரு பக்கமாகப் போனது. வலது கையின் விரல்கள் தாமாக விரிந்தன, தேர்ச்சக்கரத்தை நிறுத்துகிற கனத்த முட்டுக்கட்டை நழுவியது.

அது தரையில் விழவில்லை.

நர்ஸ் சுவரோடு ஒட்டிக்கொண்டாள். வெள்ளைப்பாண்டி குனிந்து, கட்டை அவனுடைய முழங்கால் உயரத்தில் அந்தரத்தில் நிற்பதைப் பார்த்தான். அதற்கும் தரைக்கும் இருக்கிற இடைவெளியைப் பார்த்தான். நன்றாக இருந்த இடது கை பழக்கத்தில் பக்கத்து ஸ்டூலைத் தேடிப் பிடித்து, அதைக் கட்டைக்குக் கீழே இழுத்துக்கொண்டு வந்தது.

சங்கரவடிவு பட்டையோடு எழுந்து வந்து அந்த ஸ்டூலைக் காலால் தள்ளினாள். பிறகு அதையே இழுத்து அவனுக்குப் பின்னால் போட்டு, அவனைத் தோளைப் பிடித்து உட்காரவைத்து, முகத்தை இரண்டு கையாலும் பிடித்து மேசைப் பக்கம் திருப்பினாள்.

"அதைப் பாக்காதிய. டாக்டரம்மாவைப் பாருங்க" என்றாள்.